கண் நின்ற இடம்

போன வருஷம் ஆனி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. திருத்தங்கல் அச்சகத்தில் என் மகள் தற்காலிக வேலையில் இருந்தாள். தீபாவளிப் பட்டாசுப் பரிசுப்பெட்டிக்கு அவள் வரைந்த லேபிள் தேறினால் வேலை நிரந்தரம்.

அவளுடைய கல்லூரித் தோழி மதுரையில் ஆராய்ச்சி செய்கிறாள். மனிதர்கள் ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது கண் எங்கெங்கே போகிறது என்பதுதான் ஆராய்ச்சி. கேட்டால் எல்லாரும் “நல்லாருக்கு” என்பார்கள். கண் அப்படி உபசாரம் பேசாது. அதற்கென்று ஒரு மூக்குக்கண்ணாடி கொண்டுவந்திருந்தாள். போட்டுக்கொண்டவர் பார்க்கும் இடத்தில் கணினித் திரையில் சிவப்புப் புள்ளி நகரும்.

மகளை அழைத்துவரப் போன நான் உள்ளே நுழைந்தபோது சோதனை முடிந்திருந்தது. சுவரில் பழைய லேபிளும் புதியதும். அச்சக ஆட்கள் எல்லாரும் பார்த்தாயிற்று. பழையதில் புள்ளி படத்தில் நின்றது. மகளுடையதில் ஓரத்துக்கே ஓடியது.

“படத்தை ஒருத்தனும் பாக்கலையே தாயி. பழசையே ஓட்டிருவோம்,” என்றார் முதலாளி. மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“சார், நீங்களும் போட்டுப் பாருங்க,” என்று முதலாளி கண்ணாடியை என்னிடம் நீட்டினார். போட்டேன். புள்ளி நேராக, மகள் வரைந்திருந்த மத்தாப்புப் பிடித்த சிறுமியின் முகத்தில் போய் உட்கார்ந்தது.

“பெத்த அப்பன் கண்ணு வேற எங்கன போகும்!” என்றார் ஒருவர். ஒரே சிரிப்பு.

தோழி மட்டும் சிரிக்கவில்லை. முந்தைய பதிவுகளை மறுபடி ஓட்டினாள். “இந்த ஓரத்துல அப்படி என்னதான் இருக்கு?”

மகள் நிமிர்ந்தாள். “ஐயோ, பழசு வெட்டுனது. என் ஷீட்டை வெட்டாமலே மாட்டிட்டேன்டி!”

நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, வெட்டாத தாளின் ஓரத்தில் சிறு சிலுவைக் குறிகள் இருக்கும். அச்சுக்காரர்களின் கண் முதலில் அங்கேதான் போகும்.

“கல்யாணப் பத்திரிகை வந்தாக்கூட மாப்பிள்ளை பேரையா பாக்கோம்? மை பிசிறியிருக்கான்னுதான் பாக்கோம்,” என்றார் மெஷின்காரர்.

ஓரத்தை வெட்டிவிட்டு, எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்களில் சிலரைக் கூப்பிட்டார்கள். முதலில் வந்த நர்ஸம்மா, “சீக்கிரம் விடுங்க, சாத்தூர் வண்டி வந்துரும்,” என்றபடியே போட்டுக்கொண்டார். புள்ளி சிறுமியின் முகத்தில் நின்றது. அடுத்து வந்தவர்களுக்கும் அப்படியே. பழைய லேபிளில் அது அவ்வளவு நேரம் தங்கவில்லை.

“சரி, புதுசையே ஓட்டுங்கப்பா,” என்ற முதலாளி மகளிடம் திரும்பினார். “திங்கக்கிழமை ஆதார் நகலோட வா தாயி. பேரைப் பதிஞ்சிருவோம்.”

பைக்கில் ஏறியதும் மகள், “அப்பா, காலையில இருந்து ஒண்ணும் எறங்கலை. பரோட்டா கடையில நிப்பாட்டுங்க,” என்றாள். அவள் மூன்றாவது பரோட்டாவைப் பிய்த்தபோதுதான் எனக்கும் பசித்தது.