தூக்காதீர்கள், நானே வருகிறேன்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். இதில் என்ன செய்தி என்கிறீர்களா? இருக்கிறது!

இடுப்பெலும்பு முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்த கதையை இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். எழுதாமல் மறைத்தது ஒன்று உண்டு. வடமதுரையில் ஒரு கல்யாணம். நான்கு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி மண்டபத்துப் படியேற்றினார்கள். வீடியோக்காரர் மணப்பெண்ணை விட்டுவிட்டு விளக்கை என் மேல் திருப்பினார். நாற்பதாண்டுக் காலம் கல்லூரியில் பாடம் சொன்னவன், வாழைத்தாரைப் போல அந்தரத்தில்…

அன்றே முடிவெடுத்தேன் — இனி என்னை யாரும் தூக்கக் கூடாது. விளைவு? ஆறு மாதமாக வீட்டை விட்டு நகரவில்லை.

சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு பழைய மாளிகை வீட்டை இப்போது பார்வைக்குத் திறந்திருக்கிறார்கள். என் மனைவி சரோஜா பிடிவாதமாக அழைத்துப் போனாள். போனால்… மூன்று படிகள். அதற்கு மேல் ஒரு சாண் உயர நிலைப்படி.

"நாலு பேரைத் தூக்கச் சொல்லவா?" என்றாள்.

"காரைத் திருப்பச் சொல்."

"திருப்பலாம். ஆனா இனிமே நான் தனியாத்தான் ஊர் சுத்துவேன், பாத்துக்கங்க."

எதிர்க்கடையில் சிறுமலை வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்த லாரி டிரைவர் காதில் இது விழுந்தது.

"அய்யா, தாரு எறக்குற பலகை ரெண்டு கெடக்கு. வெளிய ஏத்தத்துக்கு ஒண்ணு, உள்ள எறக்கத்துக்கு ஒண்ணு. ஜம்முனு போயிரலாம்ல?"

அகலமான பலகைகள். அவர் தூக்கி வந்ததுமே, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பாண்டியம்மாள் ஓடி வந்தார்.

"நெலப்படிய மிதிக்கக் கூடாதுய்யா!"

"நான் எங்கேயம்மா மிதிக்கிறேன்? என் கால்தான் தரையிலேயே படாதே!"

"வீலு மிதிக்குமுல்ல?"

இந்த வாதத்துக்கு என் முதுகலைப் பட்டத்தில் விடை இல்லை. டிரைவரிடம் இருந்தது. ஒரு சாக்கை மடித்து நிலைப்படி மேல் விரித்தார். அதன் மேல் பலகைகள்.

"இப்ப சாக்குதான ஆத்தா மிதிபடுது?"

பாண்டியம்மாள் குனிந்து சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "சரி… சாக்குல சாமி இல்ல."

ஏற்றம் இனிதே முடிந்தது. உள்பக்க இறக்கத்தில்தான்… டிரைவரின் கையெல்லாம் வாழைச்சாறு. கைப்பிடி நழுவியது!

வழவழவென்ற தரை. இருபுறமும் தூண்கள் ஓடின. எதிரே ஆளுயரப் படத்தில், வீட்டைக் கட்டிய மீசைக்காரப் பெரியவர். அவரைப் பார்த்து ஒரு குரல் கத்தியது:

"ஏலே, வெலகுலே!"

குரல் என்னுடையதுதான். வகுப்பறையில் அந்தச் சொல்லை உச்சரித்த மாணவர்களை வெளியே நிற்கவைத்தவன் நான்.

பெரியவரின் செருப்புக்கு அரையடி முன்னால் நாற்காலி நின்றது. சரோஜா பதறி ஓடி வந்தாள்.

"அடி பட்டுருச்சா?"

"இல்லை. இன்னொரு முறை விடச் சொல்!"

கண்ணில் நீர் வரச் சிரித்தோம். மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

பழைய வீடுகளைப் பார்க்க ஆசைப்படுபவை பெரும்பாலும் பழைய முழங்கால்கள்தாம். திறந்து வைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டாமா?

பார்வையாளர் ஏட்டில் என் தகுதிக்கேற்ப எழுதினேன்: "இவ்வில்லத்திற்கு நிலையான சாய்தளம் ஒன்று அமைத்தல் இன்றியமையாதது."

அதன் கீழே சரோஜா எழுதினாள்: "இவரை யாரும் தூக்கவில்லை. பறந்தார்."