கீழே மூலம் இருக்கக் கூடாது

√5-ஐயும் √2-ஐயும் கூட்டினால் √7 என்று நம்பி, அதை மனைவிக்குப் பாடமாகவும் எடுத்தவன் நான். கணிதத்தில் பட்டம் வாங்கியவன் என்பதை இங்கே மறைத்திருக்கலாம், அவள் விடமாட்டாள்.

அரசாங்க எழுத்தர் வேலைக்கான தேர்வு. நாற்பதைத் தாண்டியவள், "இதுதான் கடைசி, இனி எழுத மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படித்தாள். தமிழ்வழியில் படித்தவள் என்பதால் எங்கள் வீட்டில் ரூட் கிடையாது, மூலம்தான். பின்னத்தின் கீழே மூலம் இருந்தால் நீக்க வேண்டும், அதுதான் பாடம். 1/(√5+√2) என்ற கணக்கைப் பார்த்ததும் என் பட்டம் விழித்துக்கொண்டது. "கீழே √7. மேலேயும் கீழேயும் √7-ஆல பெருக்கு. விடை √7/7. அவ்வளவுதான்!" அவள் என்னைச் சற்று நேரம் பார்த்தாள். வியப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

தேர்வு மையம் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரி. திருநின்றவூரிலிருந்து பஸ்ஸில் வந்து, பூந்தமல்லியில் ஷேர் ஆட்டோ பிடித்தோம். வழியில் ஒரு சுவரில் நகைக்கடை விளம்பரம்: 916. பதற்றத்தில் எதைப் பார்த்தாலும் மூலம் எடுக்கும் நிலையில் இருந்தேன். ஒன்பதுக்கு மூன்று, பதினாறுக்கு நான்கு, கூட்டினால் ஏழு. என் விதிப்படி முதலில் கூட்டினால் இருபத்தைந்து, அதன் மூலம் ஐந்து.

ஏழும் ஐந்தும் ஒன்றல்ல. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு. என்னைப் போன்றவர்களுக்காகவே √7/7-ஐயும் ஒன்றாக வைத்திருப்பார்கள்.

"ஏம்மா, நான் சொன்னது தப்பு!" ஆட்டோ இரைச்சலில் கத்தினேன். "ரெண்டு மூலத்தை ஒண்ணாக்கக் கூடாது!"

"மெதுவாப் பேசுங்க."

"கூட்டலை விடு, கழிக்கணும்! கழிச்சாத்தான் கீழே இருக்கிற மூலம் போகும்! மேலே இருந்தாப் பரவாயில்லை!"

எதிரே இருந்த கல்லூரிப் பெண் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பரிவோடு பார்த்தார்.

"இன்னா சார், ரொம்ப நாளா கீதா? கயிக்க கஷ்டமா? கருணைக்கிழங்கு மசியல் துன்னு பாரு சார். எங்க மாமனாருக்கு அதுலதான் போச்சு."

கணக்கு என்று விளக்குவதற்குள் கல்லூரி வந்துவிட்டது. அவள் கைபேசியை என்னிடம் திணித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் உள்ளே போனாள். காதில் விழுந்ததா, இல்லையா? வாசலில் மற்ற கணவன்மார்கள் நிழல் தேடி உட்கார்ந்தார்கள். நான் வெயிலில் நின்று, √5-லிருந்து √2-ஐக் கழித்துப் பெருக்கி, கீழே மூன்று வருகிறதா என்று மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வந்தது. எனக்கு வந்து என்ன பயன்? ஒரே ஒரு கேள்வியில் வேலை போனால், அந்த ஒன்றுக்கு நானே பொறுப்பு.

கடைசியில் வெளியே வந்தாள்.

"அந்தக் கணக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"√7/7?"

"அதுவும் இருந்துச்சு. நான் சரியானதைத்தான் போட்டேன், கீழே மூணு. நீங்க சொல்லிக் குடுத்த அன்னிக்கே புத்தகத்துக் கடைசியில விடையைப் பாத்துட்டேன்."

"அப்போ ஏன் சொல்லலை?"

"அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க." கைபேசியை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சரி, நடங்க. பூந்தமல்லியில இறங்கி கருணைக்கிழங்கு வாங்கணும். பாவம், அந்த மனுஷன் அவ்வளவு அக்கறையாச் சொன்னார்."