எம்பிராய்டரி மெஷின் பேசாமல் போன கதை

பழைய சாஃப்ட்வேரோடு மல்லுக்கட்டும் எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு: வாடிக்கையாளர் ஒன்றையும் தொடவில்லை என்று சத்தியம் செய்தால், எதையோ தொட்டிருக்கிறார். செம்பூரில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் எனக்கு, எதைத் தொட்டார் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. உங்களில் சிலருக்கும் இந்த வியாதி இருக்கும்.

இடம் மாறிய கன்வர்ட்டர்

தாராவியில் மீரான் பாயின் துணிப் பட்டறையில் ஒரு பழைய எம்பிராய்டரி மெஷின். ஒன்பது பின் உள்ள சீரியல் கேபிள் வழியாகத்தான் டிசைனை வாங்கிக்கொள்ளும். இந்தக் காலத்து லேப்டாப்பில் அதைச் செருகும் போர்ட்டுக்கு எங்கே போவது? யூ.எஸ்.பி.யில் ஒரு கன்வர்ட்டர் மாட்டிக் கொடுத்திருந்தேன். மெஷினை ஓட்டுவது செல்வி. நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவள், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தவள்.

ஒருநாள் டிசைன் போகவில்லை என்று போன். போய்ப் பார்த்தால், யாரோ செல்போன் சார்ஜ் போட கன்வர்ட்டரைப் பிடுங்கிவிட்டு, அப்புறம் பக்கத்துத் துளையில் செருகியிருக்கிறார்கள். துளை மாறினால் லேப்டாப் வேறு போர்ட் நம்பர் கொடுத்துவிடும்; இப்போது ஏழு கொடுத்திருந்தது. டிசைன் அனுப்பும் அந்தக் கிழட்டு சாஃப்ட்வேருக்கோ நாலுக்கு மேல் எண்ணத் தெரியாது. பழைய நம்பரையே கொடுத்ததும் மெஷின் ஓடியது. விளக்கத்தைக் கேட்டுவிட்டு பாய் சொன்னார்: "ஒரே வீட்டுல ரூம் மாறிப் படுத்தா ரேஷன் கார்டு நம்பர் மாறுமா வே? நல்ல சர்க்கார்தான் உம்ம லேப்டாப்பு."

மாமியின் ஆட்டம்

சரஸ்வதி பூஜை லீவு முடிந்து பட்டறை திறந்ததும் மறுபடி போன். இந்த முறை நம்பர் சரியாகவே இருந்தது. கன்வர்ட்டரை மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன், ம்ஹூம். பாய்க்குப் பொறுமை போய்விட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் காயலான் கடைக்காரனை வரச்சொல்லி மெஷினை எடைக்குப் போடப்போவதாகச் சொன்னார். செல்வி தன் பழைய பிசிறு வெட்டும் கத்தரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

என் சந்தேகமெல்லாம் கன்வர்ட்டர் மேல்தான். அசல் சீரியல் போர்ட் உள்ள லேப்டாப் மாட்டுங்காவில் ரிட்டயர்டு மாமா ஒருவரிடம் இருந்தது ஞாபகம் வந்து, போய் இரவல் கேட்டேன். மாமா உள்ளே போய் மாமியிடம் அனுமதி வாங்கி வந்து சொன்னார்: "எடுத்துண்டு போ, ஆனா ஆஃப் மட்டும் பண்ணிடாதே, சீட்டாட்டத்துல மாமி பாதி ஜெயிச்சு வெச்சிருக்கா."

மஞ்சளாக ஏதோ

வெள்ளிக்கிழமை காலை. மாமாவின் லேப்டாப்புக்கும் மெஷின் பதில் சொல்லவில்லை. மெஷின் பக்கத்துக் கேபிள் முனையைக் கழற்றி, இரண்டாவது பின்னையும் மூன்றாவது பின்னையும் ஒரு கம்பியால் சேர்த்தேன். லேப்டாப்பிலிருந்து அனுப்பின எழுத்து திரும்பி வந்தால் கேபிளில் குற்றமில்லை. வந்தது. ஆனால் கம்பியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. துருவோ என்று மோந்து பார்த்தேன். சந்தனம்!

மெஷினின் ஒன்பது துளையும் காய்ந்த சந்தனத்தில் அடைத்துக் கிடந்தன, நடுவில் குங்குமம் வேறு. செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது. பூஜைக்குக் கேபிளைக் கழற்றி, மெஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, மறுபடி மாட்டினாளாம். டிசைன் நுழைகிற வாசல் அதுதானே, வாசலில் வைப்பதுதானே முறை என்று நினைத்தாளாம். அவள் சொன்னதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

பாய் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியால் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, கேபிளை மாட்டினேன். மெஷின் தடதடவென்று ஒரு கிளியைத் தைக்க ஆரம்பித்தது. கிளிக்கு மூக்கு வரும்வரை பார்த்திருந்துவிட்டு பாய் சொன்னார்: "காயலான் கடைக்காரன வர வேண்டாம்னு சொல்லிருதேன், அடுத்த பூஜைக்குப் பொட்டை எங்க வைக்கணும்னு இவளுக்கு ஒரு இடம் காட்டிக் குடும்வே."

மெஷினின் நெற்றியில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன்; நான் அமைத்துக் கொடுத்த போர்ட்டுகளில் இன்றுவரை தகராறு பண்ணாதது அது ஒன்றுதான்.