கைக்கு எட்டிய தென்னங்குருத்து

போன வருஷம் ஐப்பசி மழையின்போது, சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் தென்காசிப் பக்கம். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் நானும் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம்.

அன்று அடித்த காற்றில் வீட்டுக்காரர் தோட்டத்துத் தென்னை ஒன்று சாய்ந்துவிட்டது. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் வீட்டுக்கார அண்ணன் அதன் குருத்தை வெட்டி எங்களிடம் முழுசாகக் கொடுத்துவிட்டுப் போனார். மரம் விழுந்தால்தான் கிடைக்கிற பொருள். எனக்குத் தலைகால் புரியவில்லை. கேன்டீன் சாம்பாரில் செத்துப்போயிருந்த நாக்கு அல்லவா! கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் அரிந்து போட்டு, பாசிப்பருப்போடு தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டுக் கூட்டு வைத்தேன். மற்ற இருவரும் குளித்துவிட்டு வரும்வரை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் வேறு போட்டிருந்தேன், எனக்கும் சேர்த்து.

தட்டில் பரிமாறி, முதல் கவளத்தைக் கையில் எடுத்தபோது வீட்டுக்கார அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"துன்னாதீங்க! வாயில வெச்சிட்டீங்களா?" என்று கத்தியபடி என் கையைத் தட்டிவிட்டார். தட்டுகளையும் சட்டியையும் வாரிக்கொண்டு வெளியே நடந்தார். எனக்கு வந்ததே கோபம்! ஒரு குருத்துக்கா இவ்வளவு கஞ்சத்தனம்?

"என்னக்கா, களவாண்டுட்டா வந்தோம்? அண்ணன் தந்ததுல்லா!" என்று பின்னாலேயே போய்ச் சண்டைக்கு நின்றேன்.

அவர் தோட்டத்தில் குழி தோண்டிக் கூட்டைக் கொட்டி மண்ணைப் போட்டு மூடினார். பிறகுதான் மூச்சு வாங்கச் சொன்னார். "வண்டு வுழுந்துச்சின்னு முந்தாநேத்துதான் ஆளு வெச்சி அந்த மரத்து வேருல விஷமருந்து கட்டினேன். அது உச்சி வரிக்கும் ஏறிடும்மா. அவருக்கு நான் சொல்லவே இல்ல. கடையில நின்னுக்கினு இருந்தேன், குருத்த உங்களுக்குக் குடுத்தேன்னு போன்ல சொன்னாரு. அப்டியே ஓடியாந்தேன்."

காலில் செருப்புகூட இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ரசமும் முட்டைப் பொரியலும் போட்டார். பயந்த பயத்துக்குச் சோறே இறங்காது என்று நினைத்தேன். மூவரும் சட்டியை வழித்துவிட்டோம்.

தை மாதம் அக்காவின் தம்பி நிலத்தில் கட்டடம் கட்டத் தென்னைகளை வெட்டினார்கள். அக்கா ஒரு குருத்தைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இதுக்கு மருந்தே வெக்கல, நல்லா கேட்டுக்கினுதான் வந்தேன்" என்றார். அதோடு விடவில்லை. ஒரு துண்டை ஒடித்துத் தானே முதலில் மென்று விழுங்கிவிட்டு, மீதியை என்னிடம் நீட்டினார்.

அன்றைய கூட்டில் உப்பு கொஞ்சம் கூடிப்போயிற்று. அக்காவோடு சேர்ந்து நால்வரும் அதைக் கேலி பேசிக்கொண்டே சாப்பிட்டோம்.

நான் எதை வாயில் வைக்கிறேன் என்று பதறி ஓடிவர இந்த ஊரிலும் எனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்ற நிம்மதியில்தான் இன்றைக்கும் தட்டின் முன் உட்காருகிறேன்.