கொக்கியை யாரும் தள்ளக்கூடாது

சக்கர நாற்காலி பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் மூலையில் நின்றது. வீட்டு நர்ஸாக நான் பார்த்துக்கொள்ள வேண்டியவர் அதற்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தார்.

முப்பத்தொரு வருடம் ரெக்கவரி வண்டி ஓட்டியவர். நடுவழியில் படுத்துவிட்ட லாரி, பஸ் எல்லாவற்றையும் கொக்கி மாட்டி இழுத்து வந்ததால், ஷெட்டில் அவருக்குக் கொக்கி என்றே பெயர். இப்போது முழங்கால் சில்லு உடைந்து கம்பி கட்டியிருந்தது. காலை ஊன்றக்கூடாது, ஆனால் தினமும் மடக்கிப் பழக வேண்டும். பிசியோதெரபி கிளினிக் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான். இரண்டு வாரமாகப் போகவில்லை.

"தள்ளிட்டுப் போறது செத்த வண்டியைத்தான், அக்கா. நான் இன்னும் சாகல."

டாக்டர் போனில் சுருக்கமாகச் சொன்னார்: "வியாழக்கிழமையும் வரலேன்னா, மறுபடி மயக்கம் குடுத்து நாங்கதான் மடக்கணும்."

அவருடைய மனைவிக்கு வாய் சும்மா இருக்காது. "ஓட்டை வண்டியெல்லாம் இழுத்தீங்களே, உங்களை இழுக்க யாரைக் கூப்பிடறது?"

அவள் கிண்டலாகச் சொன்னாள். அவர் அதைத் திட்டமாக எடுத்துக்கொண்டார். இழுப்பதில் அவமானமில்லையாம், தொழிலாம். ஓய்வுபெற்ற அன்று ஷெட்காரர்கள் கொடுத்த ரிமோட் பொம்மை லாரி அலமாரி மேல் இருந்தது. ஒரு முழ நீளம். அதை நாற்காலியில் பேண்டேஜ் துணியால் கட்டச் சொன்னார். நாலடி இழுத்தது. பிறகு புகை. அறை முழுக்கத் தீய்ந்த வாடை.

மோட்டாரைக் கழற்றிப் பார்த்தவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "உள்ளே கரி பிரஷ் கருகிப்போச்சு. பிரஷ்ஷே இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் போட்டா யானையை இழுக்கும்."

"யானை வேண்டாம். எண்பத்தாறு கிலோ போதும்," என்றேன்.

செவ்வாய்க்கிழமை புது மோட்டாரும் அதற்கேற்ற கன்ட்ரோலரும் வந்தன. பழைய கன்ட்ரோலரில் மோட்டாருக்கு இரண்டு ஒயர், இதில் மூன்று. என் டிரெஸ்ஸிங் தட்டில் வைத்து ஈயம் பற்றவைத்தார். பல்சக்கரங்கள் இறுக்கிப் பிடித்துக்கொள்ளாமல் நடுவில் தாள் விட்டு இடைவெளி பார்க்க வேண்டுமாம். பார்த்தால் அது பிசியோதெரபி சீட்டு.

"அதைக் கிழிச்சிட்டீங்களா?"

"நேரம் ஞாபகம் இருக்கு அக்கா. பத்தரை."

முதல் ஓட்டத்தில் லாரி பின்னாலேயே போய்ச் சுவரில் மோதியது. அவர் அசரவில்லை. "மூணு ஒயர்ல எந்த ரெண்டை மாத்தினாலும் சரியாயிடும்."

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "இவர்கிட்டயும் அப்படி ரெண்டு ஒயர் இருக்கான்னு பாருங்க அக்கா."

வியாழக்கிழமை காலை, லாரியின் சக்கரம் வழுக்காமலிருக்க இரண்டு உப்புப் பொட்டலங்களை ஏற்றினோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினார். லாரி திக்கித் திணறி ஒரு துள்ளு துள்ளியது. எண்பத்தாறு கிலோவும் நகர்ந்தது. தாழ்வாரத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. எதிர்வீட்டுக்காரர் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு நின்றுவிட்டார். கொக்கி அவருக்குக் கையசைத்தார். அதில்தான் விரல் தவறியது. லாரி நின்றுவிட்டது, நாற்காலி நிற்கவில்லை. நான் பாய்ந்து கைப்பிடியைப் பிடிக்காவிட்டால் உப்பெல்லாம் தரையில்தான்.

அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கயிறு கட்டி இழுத்தா பின் வண்டியில பிரேக் பிடிக்க ஒரு ஆள் வேணும். அக்கா, நீங்கதான் பிரேக். தள்ளக்கூடாது."

"சரி."

லிஃப்ட் வாசல் மேட்டில் லாரி முக்கியது. நான் முழங்காலால் நாற்காலிக்கு ஒன்று கொடுத்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கிளினிக்கில் அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆனால் கால் அறுபது டிகிரி மடங்கியது. "மயக்கமெல்லாம் வேண்டாம். தினமும் வாங்க," என்று சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது லிஃப்டுக்குப் பத்தடி முன்னால் பேட்டரி தீர்ந்தது. லாரி செத்துக் கிடந்தது. காத்திருந்த நோயாளிகள் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் நாற்காலியைத் தொடவில்லை. என்ன செய்யப்போகிறார் என்று நின்றேன்.

அவர் ரிமோட்டை இன்னும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு, "அதை எடுத்து என் மடியில வைங்க," என்றார். உப்போடு வைத்தேன். ஒரு கையால் அணைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டி பழுதாயிடுச்சு. ஷெட்டுக்குக் கொண்டுபோறேன். எஞ்சினைப் போடுங்க அக்கா."

தள்ளினேன். மறுநாள் பத்தேகாலுக்கே, பேட்டரி இல்லாத லாரியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார்.