இரண்டாம் கேமரா

முகூர்த்த நேரத்தில் மேடைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். மண்டபத்தில் எல்லோரும் தாலி கட்டுவதை நேரில் பார்ப்பார்கள். நான் ஓரமாக மேசை போட்டு டிவியில் பார்ப்பேன். எந்த மண்டபத்துக்குப் போனாலும் பிளக் பாயின்ட் மேடைக்கு எதிர்ச்சுவரில்தான் இருக்கும். என் ஜாதகம் அப்படி.

மேசைமேல் ஸ்விட்சர் என்று ஒரு பெட்டி. மூன்று கேமராக்களின் படமும் டிவியில் மூன்று கட்டங்களாகத் தெரியும். நான் எந்தப் பொத்தானை அழுத்துகிறேனோ அந்தக் கேமரா லைவில் போகும். துபாயில் லீவு கிடைக்காத சித்தப்பாவும், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டு வேலூரில் படுத்திருக்கும் பெரியம்மாவும் அதைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு எரிந்தால் அந்தப் படம் வெளியே போய்க்கொண்டிருக்கிறது, பச்சை எரிந்தால் அடுத்துப் போகக் காத்திருக்கிறது. தொழில் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கோபத்தை அடக்குவது.

முதல் கேமராவுக்கு யாராவது ஒருவர் வாடகைக்கு வருவார். மூன்றாவது, ஆளில்லாமல் ஸ்டாண்டில் நின்று முழு மேடையையும் காட்டும். இரண்டாவது என் வீட்டுக்காரர். இருபத்தைந்து வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவர். கொரோனா காலத்தில் எல்லோரும் லைவ் கேட்கத் தொடங்கியபோது இந்தப் பெட்டியை வாங்கி வந்தார். அத்தனை பொத்தான்களைப் பார்த்ததும் அவருக்கே வேர்த்துவிட்டது. "வூட்ல எல்லாரையும் ஆட்டி வெக்கிறவ நீதானே, இதையும் நீயே ஆட்டு" என்று என் பக்கம் தள்ளினார். பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்த நான் அப்படித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்.

வீட்டில் அவரை 'வாங்க, போங்க' என்பேன். ஹெட்செட்டை மாட்டிவிட்டால் மரியாதைக்கெல்லாம் நேரமில்லை. "டூ, மாப்ள மூஞ்சிக்குப் போ. டூ, அசையாத. டூ, தூங்கிட்டியா?" அவரும் இதற்கு ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது, அவர் எடுக்கும் படம்தான் எனக்குத் தெரியும், அவர் தெரியமாட்டார்.

எங்கள் ஹெட்செட்டில் பேச்சு ஒரு பக்கம்தான் போகும். நான் பேசலாம், அவர் கேட்கலாம், திருப்பிப் பேச வழியில்லை. ஊரில் எத்தனை பெண்டாட்டிகளுக்கு இப்படி ஒரு வசதி கிடைக்கும்? ஆனால் பதில் வேண்டுமே. அதற்காக, நான் ஏதாவது கேட்டால் அவர் கேமராவையே தலையாக்கி ஆட்டுவார். மேலும் கீழுமாக ஆட்டினால் சரி. இப்படி அப்படி ஆட்டினால் முடியாது. ஆட்டும்போது அவர் கேமரா லைவில் இருக்கக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

போன வருடம் அவர் கட்டத்தில் படம் மங்க ஆரம்பித்தது. முதலில் லென்ஸில் தூசு என்று நினைத்தேன். துடைத்தும் மங்கியது. பெண்ணின் முகத்தில் வைக்கவேண்டிய ஃபோகஸ் பின்னால் இருக்கும் வாழைமரத்தில் போய் உட்காரும். தானாக ஃபோகஸ் ஆகும் பொத்தான் கேமராவிலேயே இருக்கிறது. அதைத் தொட்டால் பாவம் என்பதுபோல அவர் தொடமாட்டார். "அது கேமரா தெரியாதவனுக்கு" என்பார். லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்பித்தான் வைப்பார், வ்யூஃபைண்டரில் வலது கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு.

அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை அவர் நினைத்தால் போடுவது, ஒப்பட்டு என்கிற கன்னடப் போளி மட்டும் எந்தப் பந்தியிலும் இரண்டு. "ஒரு தடவ கண்ண காட்டிட்டு வந்துரலாமா?" என்று ஒருநாள் கேட்டேன். "என் கண்ணுலயே கொற கண்டுபுடிக்கிற அளவுக்கு ஆயிட்டியா?" என்றார். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அதற்குப்பிறகு நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறக்காமல் வேறு ஒரு வேலை செய்தேன். ஸ்விட்சரில் ஒரு படம் கரைந்து இன்னொரு படமாக மாறும்படி செய்யலாம். கரைகிற அந்த இரண்டு நொடியில் எல்லாமே மங்கலாகத்தான் இருக்கும். அந்த இரண்டு நொடியில் மட்டும் அவர் படத்தைப் போட்டு, உடனே முதல் கேமராவுக்கு ஓடிவிடுவேன். தன் படமும் லைவில் வந்தது என்று அவருக்குத் திருப்தி. மங்கியது யாருக்கும் தெரியாது. காக்ஸ் டவுனில் ஒரு சர்ச் கல்யாணம் முடிந்ததும் பெண்ணின் அம்மா ஓடிவந்து, "கனவு மாதிரி மங்கலா வருதே, அந்த எஃபெக்ட் ரிசப்ஷனுக்கும் போட்ருங்க" என்றார். "இன்னா எஃபெக்ட்டு?" என்று இவர் கேட்டார். "நான் பொட்டியில போடறது" என்று பொய் சொன்னேன். அப்போது எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

இப்படியே எட்டு மாதம். அவரை யார் முன்னாலும் விட்டுக்கொடுக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

ஹெப்பகோடியில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அங்கே கம்பெனியில் வேலை செய்பவர், சொந்தமெல்லாம் தர்மபுரிப் பக்கம். கெட்டிமேளம் என்றதும் அட்சதையோடு கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. முதல் கேமராவில் யாரோ ஒருவரின் முதுகு. மூன்றாவதில் தலைகள். மேடைப் படிக்கட்டில் நின்ற இரண்டாம் கேமராவுக்கு மட்டும்தான் வழி இருந்தது, அதில் பெண்ணும் மாப்பிள்ளையும் புகைக்குள் நிற்பதுபோல நின்றார்கள். வேறு வழியில்லாமல் அதையே அழுத்தினேன்.

"டூ, வளையத்த இடப்பக்கம் திருப்பு. இன்னும். இன்னும் கொஞ்சம். ஜாஸ்தி ஆயிருச்சு, திரும்பி வா. அங்கயே நில்லு." பிறவியிலேயே பிடிவாதக்காரர், அன்று நான் சொன்ன சொல் தட்டாமல் திருப்பினார். மூன்றாவது முடிச்சு விழும்போது மஞ்சள் கயிறு நூல் நூலாகத் தெரிந்தது. எனக்கு மூச்சு வந்தது. அதோடு கேள்வியும் வந்துவிட்டது.

"ஏங்க, உங்களுக்குத் தெரியலையா?"

ஹெட்செட்டில் நான் அவரை 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. படம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக மேலே போய்க் கீழே வந்தது. இன்னொரு தடவையும். வீட்டில் வாய் வார்த்தையாக ஒருநாளும் ஒத்துக்கொள்ளாததை அந்த மனுஷன் கேமராவால் ஒத்துக்கொண்டார். நான் அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கேமராவை மாற்ற மறந்துவிட்டேன். மணமக்கள் மேடையோடு இரண்டு தடவை ஏறி இறங்கியதைத் துபாய் வரைக்கும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா வந்து, "பூகம்பமான்னு போன் பண்றாங்கம்மா" என்றார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மறுநாளே கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மருந்து விட்டு, இருட்டில் உட்காரவைத்து, வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டரம்மா, "யாக்கம்மா இஷ்டு லேட்டு?" என்றார். ஏன் இவ்வளவு தாமதம் என்று என்னைத்தான் கேட்டார். சர்க்கரையால் வலது கண்ணின் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, ஊசியும் லேசரும் இருப்பதைக் காப்பாற்றும், போனது திரும்பாது, ஏழெட்டு மாதம் முன்னால் வந்திருந்தால் வலது கண்ணிலும் நல்ல பார்வையே நின்றிருக்கும் என்றார். இடது கண்ணுக்கு இன்னும் ஆபத்து இல்லை. எல்லாம் கன்னடத்தில்தான் சொன்னார். என்னைவிட இவருக்குத்தான் கன்னடம் நன்றாக வரும்.

ஆட்டோவில் கேட்டார்: "எவ்ளோ நாளா தெரியும் உனுக்கு?"

"எட்டு மாசமா."

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டு நெரிசலில் வண்டி நின்றபோது என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லியிருந்தாலும் நான் கேட்ருக்க மாட்டேன். பேஜார் ஆவாத." என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னார் என்று தெரிந்தது. அதனாலேயே என்னால் தேறமுடியவில்லை. கேட்டிருக்க மாட்டார்தான், ஆனால் நான் இரண்டாவது தடவை சொல்லிப் பார்க்கவே இல்லையே. அவர் மனம் நோகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அவர் கண்ணைக் கோட்டைவிட்டேன்.

இப்போது நாற்காலி அவருடையது. பெரிய டிவியைப் பார்க்க இடது கண் போதும் என்கிறார். பொத்தான்களை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டார், நான் ஒரு மாதம் எடுத்துக்கொண்டேன் என்பதைத் தினமும் சொல்லிக்காட்டுகிறார். ஹெட்செட்டும் அவர் தலையில். கேமராவைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் இடத்தில் நான்.

நான் கேமரா பிடித்த முதல் கல்யாணம். பெண் நடந்து வருகிறாள், வளையத்தில் என் விரல் வழுக்கியது. அதற்குள் காதில் குரல் வந்துவிட்டது.

"டூ, ஃபோகஸ் போச்சு. வலப்பக்கம் திருப்பு. இன்னும் வரல. இப்ப சரி." பெண் மேடைப் படிக்கட்டுக்கு வந்ததும் சொன்னார்: "போச்சுன்னா போச்சுன்னு ஒடனே சொல்லிரணும், தெரியுதா? அப்பதான் திருப்பிக் கொண்டாரலாம்."

திட்டவில்லை. பெண்ணுக்குப் பூ எடுத்துக்கொடுக்கச் சொல்வதுபோல மெதுவாகத்தான் சொன்னார். என்னால் பதில் சொல்ல முடியாது, பேச்சு ஒரு பக்கம்தான். கண்ணை வ்யூஃபைண்டரில் அழுத்திக்கொண்டு, பெண்ணின் முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அழுவாத" என்றார் காதுக்குள். "படம் ஆடுது."