தட்டி நிறுத்திய அத்தியாயம்

குரோம்பேட்டையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடுவோம். ஐந்தாறு பேர். எல்லோருமே மாய உலகக் குறுநாவல் எழுதுகிறவர்கள்: ராஜ்ஜியங்கள், சாபங்கள், பறக்கும் மிருகங்கள், முடியாத போர்கள். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். எங்கேயோ படித்த மாதிரி இருந்தால் பிளாஸ்டிக் மேசையைத் தட்டலாம். தட்டிவிட்டால் வாசிப்பு அங்கேயே நிற்க வேண்டும், விளக்கம் சொல்லக் கூடாது. காப்பியடிக்காத கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவரப் போகிறோம் என்பதால் அவ்வளவு கண்டிப்பு.

அந்த விதி எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். யாரிடமும் இரவல் வாங்கி எழுத வேண்டிய அவசியம் எனக்கு இல்லை என்று நம்பினேன்.

என் நாவலின் முதல் அத்தியாயத்தில் பனி கொட்டும். எங்கள் தாம்பரம் பக்கம் மார்கழிக்கு ஒரு ஸ்வெட்டரே அதிகம். ஆங்கில நாவல்களில் படித்த பனியை எடுத்துச் சாம்பல் நிறமாக்கியிருந்தேன், அவ்வளவுதான். யாரும் தட்டவில்லை. "செம ஒரிஜினல்மா" என்றார், தொகுப்பைக் கவனித்துக்கொண்ட அண்ணா.

அடுத்து எடுத்துப்போனது வெள்ள அத்தியாயம். முடிச்சூரில் எங்கள் தெருவுக்குள் ஆறு வந்த வருஷம், அம்மாவையும் என்னையும் மெயின் ரோட்டில் ஏற்றிவிட்டு அப்பா வீட்டுக்குத் திரும்பிப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. துணி ஊறவைக்கும் டப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். மழை விட்டபின் வந்த காய்ச்சலில் போய்விட்டார். கதையில் அவரைக் கோட்டைக் காவலாளியாக்கினேன். மாய உலகத்தில் பிளாஸ்டிக் டப்புக்கு எங்கே போவது? அதை மூங்கில் கூடையாக்கினேன்.

'மார்பளவு வெள்ளம்' என்று எழுதி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"இன்னா மார்பளவு? கழுத்து வரைக்கும் இருந்துச்சுடி. தலையும் டப்பும்தான் தெரிஞ்சுது" என்றாள். திருத்தினேன்.

மொட்டைமாடியில் வாசித்தேன். கொட்டும் மழை, கழுத்தளவு வெள்ளம், தலையில் கூடையோடு ஆற்றைக் கடக்கும் ஒருவன். ஒருவர் இல்லை, எல்லோரும் தட்டினார்கள்.

"கூடைக்குள்ள குழந்தையா?" என்றார் அண்ணா.

"இருங்கண்ணா, அடுத்த வரியில பாம்பு வந்து குடை பிடிக்கும்" என்றான் ஒருவன்.

"கோகுலாஷ்டமிக்கு எங்க அபார்ட்மெண்ட்ல இதேதான் போட்டாங்க. என் பையன்தான் கூடையில. பாதியில அழுது இறங்கிட்டான்" என்றாள் ஒரு அக்கா. மேசை குலுங்கச் சிரித்தார்கள்.

அது என் அப்பா என்று சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். மன்னிப்புக் கேட்டு, இரக்கப்பட்டுச் சேர்த்திருப்பார்கள். அப்படி ஓர் இடம் எனக்கு வேண்டாம். காவலாளியாகக் கூட்டிவந்தேன், காவலாளியாகவே அவர் நிற்கட்டும் என்று இருந்தேன். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கூடைக்குள் என்ன என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. எந்தக் காகிதம் முக்கியம் என்று தெரியாமல், எழுத்து இருந்த எல்லாவற்றையும் அள்ளி வந்திருந்தார். என் மார்க் ஷீட், பாடப் புத்தகங்கள், சமையல் கேஸ் புக், பழைய காலண்டர், ஊரப்பாக்கம் மனை விற்பனை நோட்டீஸ், பிரியாணிக் கடை விளம்பரம். என் காவலாளியும் அப்படித்தான்: அரச ஆணையோடு குதிரைக் கொள்ளுக் கணக்கையும் யாரோ குழந்தையின் கிறுக்கலையும் சேர்த்துத் தூக்கி வருகிறான். இதை வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. அந்தப் பக்கத்தை யாரும் கேட்கவில்லை.

"அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் தூக்கிடும்மா. மீதி டாப். தொகுப்புல உன்னோடதுதான் முதல்ல" என்று அண்ணா செய்தி அனுப்பினார்.

மாற்றிப் பார்த்தேன். கூடையைத் தோளில் வைத்தேன். கட்டுமரத்தில் ஏற்றினேன். கயிறு கட்டி இழுக்க வைத்தேன். கழுத்தளவு தண்ணீரில் காகிதத்துக்குத் தலையை விட்டால் வேறு இடம் இல்லை. எப்படி எழுதினாலும் நனைந்தது.

என் நாவலையே போட வேண்டாம் என்று பதில் அனுப்பினேன். "இவ்ளோ ஈகோ ஆகாதும்மா" என்று வந்தது. அதன்பின் அந்த மாடிக்கு நான் போகவில்லை.

தொகுப்பு வெளிவந்த செய்தியைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா அட்டைப்படத்தை எட்டிப் பார்த்து, "இதுல அப்பா வர்றாரா?" என்றாள்.

"இல்லம்மா."

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். அவள் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டாள்.